சுவரைத் துளைக்காமல் லேன் கருவிகளுக்கு இணையம்: வாசகர் கேள்வி பதில்

வைஃபை எல்லா அறைகளுக்கும் வந்துவிட்ட வீடுகளிலும் லேன் கேபிள் செருகினால் மட்டுமே வேலை செய்யும் கருவிகள் மிச்சமிருக்கின்றன. பழைய பிரிண்டர், கேமராக்களுக்கான டிவிஆர் பெட்டி, மேசைக் கணினி, சில செட்டாப் பாக்ஸ்கள் ஆகியவற்றை ரவுட்டரிலிருந்து தொலைவில் வைக்க நேர்ந்தவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை அதிகம் என்பதால், பகுதி முழுவதையும் வைஃபையை வாங்கி லேன் போர்ட் வழியே கொடுக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் பற்றிய கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வாடகை வீடொன்றின் இரண்டு தளங்களில் குடியிருக்கிறோம். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் கீழே ஹாலில் உள்ளன. மாடி அறையில் என் கணவரின் மேசைக் கணினியும் பழைய லேசர் பிரிண்டரும் இருக்கின்றன. இரண்டிலும் வைஃபை கிடையாது. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார், என் தம்பி வயர்லெஸ் பிரிட்ஜ் வாங்கச் சொல்கிறான். இரண்டும் ஒன்றா, வேறா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் வேறு, உங்கள் தேவைக்குப் பொருந்துவது உங்கள் தம்பி சொன்னதுதான். ரிப்பீட்டர் என்பது ரவுட்டரின் வைஃபையைக் காற்றில் வாங்கி மறுபடியும் வைஃபையாகவே காற்றில் விடுகிற கருவி. வயர்லெஸ் பிரிட்ஜ், கைப்பேசி சேர்வதைப் போலவே ரவுட்டரின் வைஃபையில் தானும் ஒரு கருவியாகச் சேர்ந்துகொண்டு, அங்கே கிடைக்கும் இணைப்பைத் தன் பின்புறம் உள்ள லேன் போர்ட்டுகள் வழியே கொடுக்கிறது. ஒரே அலைவரிசையில் வாங்கவும் விடவும் வேண்டிய ரிப்பீட்டரில் ஒவ்வொரு தகவல் துண்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்தாக வேண்டும் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பிரிட்ஜில் காற்றுப் பயணம் ஒரே ஒரு முறைதான், மீதி வழியெல்லாம் கம்பி. ஆனால் கடைக்காரர் காட்டும் ரிப்பீட்டரின் அடியில் ஒரு லேன் போர்ட் இருந்து, வைஃபையை மறுபடி பரப்பும் வேலையை மட்டும் அமைப்பில் நிறுத்திவைக்க முடியுமானால், அந்தக் கருவியே பிரிட்ஜாக வேலை செய்யும். அதை வாங்குவதில் தவறில்லை.

வாங்குவதைவிட முக்கியமானது அதை வைக்கும் இடம். பெரும்பாலானவர்கள் பிரிட்ஜைக் கணினிக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வேகம் வரவில்லை என்று வருந்துகிறார்கள். கணினிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே ஓடுவது லேன் கேபிள். அது 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். ரவுட்டருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே இருப்பதோ காற்று. அங்கே ஒரு கான்கிரீட் தளம் குறுக்கே வந்தாலும் இழப்பு பெரிது. ஆகவே சிக்னல் எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அங்கே பிரிட்ஜை வைத்து, அங்கிருந்து கேபிளை அறைக்கு இழுத்துக்கொள்வதே முறை. உங்கள் வீட்டில் அந்த இடம் பெரும்பாலும் மாடிப்படியின் மேல் முனையாக இருக்கும், ஏனென்றால் கம்பி கட்டிய தளம் இல்லாமல் இரண்டு மாடிக்கும் நடுவே திறந்திருக்கும் வழி அது ஒன்றுதான். கைப்பேசியில் வைஃபை அளவு காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மாடியில் நடந்து பாருங்கள். அளவு கழித்தல் குறியோடு வரும், 50 என்றால் மிக நன்று, 67 வரை நம்பி வேலை பார்க்கலாம், 80ஐத் தொட்டால் அந்த இடம் ஆகாது. இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். 1200 என்று போட்டிருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்ற இரண்டு எண்களையும் கூட்டி, மேலே கொஞ்சம் உயர்த்திப் போட்டது. பிரிட்ஜ் ரவுட்டரோடு பேசுவது பொதுவாக இந்த இரண்டில் ஒரு பட்டையில்தான், அந்தப் பட்டையிலும் நல்ல நிலையில் கைக்குக் கிடைப்பது அச்சிட்ட எண்ணில் பாதியளவே. அதோடு, விலை குறைந்த பல கருவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாகவே இருக்கிறது. காற்றில் எவ்வளவு வந்தாலும் அந்தப் போர்ட்டைத் தாண்டி 94 எம்பிபிஎஸுக்கு மேல் கணினிக்குப் போகாது. உங்கள் இணையத் திட்டம் 100 எம்பிபிஎஸ் என்றால் இது ஒரு குறையே இல்லை. திட்டம் 300 என்றால் கிகாபிட் போர்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிக்னல் நன்றாக இருக்கும் இடம் கிடைத்துவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸையே தேர்ந்தெடுங்கள்; 2.4இல் ஒன்றின்மேல் ஒன்று படியாத அலைவரிசைகள் 1, 6, 11 என்று மூன்றுதான், அவற்றை அக்கம்பக்கத்து வீடுகள் அனைத்தும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பிரிட்ஜில் ஒரே போர்ட் இருந்தால் ஐந்து லேன் போர்ட் கொண்ட சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை அதன் பின்னால் போட்டு, கணினியையும் பிரிண்டரையும் அதில் செருகுங்கள். அப்போது கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் பக்கங்கள் காற்றுக்கே வராமல் ஸ்விட்ச்சுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். மின்சாரக் கம்பி வழியே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டரைச் சிலர் சொல்லக்கூடும். மும்முனை மின்சாரம் வரும் வீட்டில் இரண்டு பிளக்குகளும் வெவ்வேறு முனைகளில் இருந்தாலோ, ஒன்று இன்வெர்ட்டர் வழியாக வந்தாலோ அது பெரும்பாலும் ஏமாற்றிவிடும் என்பதால் உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. கடைசியாக ஒன்று: ஜன்னல் வழியே வெளிச்சுவரையொட்டி ஒரு கேபிளைக் கொண்டுபோக வீட்டுக்காரம்மா சம்மதித்தால், அதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை. அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே பிரிட்ஜாக மாற்ற முடியுமா? இணைய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து பிரிட்ஜ் மோடு போட்டுத் தரச் சொன்னேன். அதன் பிறகு வீட்டில் வைஃபையே நின்றுபோய், மறுநாள் ஆள் வந்துதான் பழையபடி மாற்றிக் கொடுத்தார்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு நேர்ந்தது பெயர்க் குழப்பத்தால் வந்த சிரமம், அதே சிரமம் வேறு இரண்டு கடிதங்களிலும் இருக்கிறது. ஃபைபர் முடிகிற பெட்டியில் உள்ள பிரிட்ஜ் மோடு என்பது, அந்தப் பெட்டி முகவரி கொடுப்பது, வைஃபை பரப்புவது போன்ற ரவுட்டர் வேலைகளை விட்டுவிட்டு, இணைப்பை அப்படியே உங்களுடைய சொந்த ரவுட்டரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. நீங்கள் விரும்பியதோ காற்று வழியே கம்பிக் கருவிகளைச் சேர்க்கும் பாலம். அதற்கு நிறுவனத்தின் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாற்றம் முழுவதும் உங்கள் பழைய ரவுட்டரில்தான்.

பழைய ரவுட்டரைக் கணினியோடு கேபிளால் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தில் செயல்பாட்டு முறை என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஆசுஸ் ரவுட்டர்களில் மீடியா பிரிட்ஜ் என்றும், டிபி-லிங்கின் சிறிய ரவுட்டர்கள் சிலவற்றில் கிளையன்ட் என்றும் இதற்குப் பெயர். பக்கத்திலேயே விஸ்ப் என்றொரு முறையும் இருக்கலாம். அதுவும் காற்றில் இணையத்தை வாங்கி லேன் போர்ட்டில் கொடுக்கும் என்றாலும், தனக்குப் பின்னால் தனியொரு வலையமைப்பை உண்டாக்கிக்கொள்ளும் என்பதால், கீழே உள்ள கைப்பேசியிலிருந்து மேலே உள்ள பிரிண்டருக்கு அச்சுக்கு அனுப்ப முடியாமல் போகும். இணையம் மட்டும் போதும் என்பவர்களுக்கு விஸ்ப் போதுமானது, வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு கிளையன்ட் அல்லது மீடியா பிரிட்ஜ் முறையே சரி. இவற்றில் எதுவும் உங்கள் ரவுட்டரில் இல்லையென்றால், 2004இல் தொடங்கி இன்றும் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் உங்கள் மாடலுக்கு உண்டா என்று பார்க்கலாம். மாடல் எண்ணோடு அதன் பதிப்பு எண்ணும் பொருந்தினால்தான் ஏற்ற வேண்டும், பொருந்தாத மென்பொருளை ஏற்றினால் ரவுட்டர் மீளாமலே போகக்கூடும்.

இரண்டு காரியங்களை மறக்க வேண்டாம். முதலாவது, வீட்டில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை ஒரே கருவிதான் செய்ய வேண்டும். பழைய ரவுட்டரிலும் அது ஓடிக்கொண்டிருந்தால் சில கருவிகள் அதனிடம் முகவரி வாங்கிக்கொண்டு, வழி தெரியாமல் இணையமின்றி நிற்கும். அதுவும் சில நாட்களில் நேரும், சில நாட்களில் நேராது என்பதால் காரணம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். முறையை மாற்றும்போது பெரும்பாலான ரவுட்டர்கள் அதைத் தாமாகவே நிறுத்திவிடும் என்றாலும் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டாவது, இரண்டு ரவுட்டருக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருக்கக் கூடாது, பழையதை 192.168.1.2 என்று மாற்றி, அந்த எண்ணை ரவுட்டரின் அடியில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டி வையுங்கள், ஏனென்றால் அடுத்த முறை அமைப்புப் பக்கத்தைத் திறக்க அந்த எண் வேண்டும்.

கேள்வி: பையனின் விளையாட்டுக் கருவி, டிவி, கணினி மூன்றும் பிரிட்ஜ் வழியாக இணைந்திருக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் விளையாட்டுக் கருவிக்கு மட்டும் இணையம் நிற்கும்படி ரவுட்டரில் நேரக் கட்டுப்பாடு போட்டேன். பத்து மணிக்கு டிவியும் கணினியும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ரவுட்டரின் பட்டியலில் மூன்றுக்கும் ஒரே மேக் முகவரி காட்டுகிறது. இது பழுதா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: பழுது இல்லை. பிரிட்ஜ் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை ரவுட்டர் உங்களுக்குக் காட்டிவிட்டது. இதைப் புரிந்துகொள்வது பிரிட்ஜ் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் மேக் முகவரி என்ற நிலையான அடையாளம் ஒன்று உண்டு. கம்பியில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டின் முகப்பிலும் அனுப்புகிறவரின் அடையாளம், பெறுகிறவரின் அடையாளம் என்று இரண்டு இடங்கள் இருக்கும். வைஃபையில் ஒரு சாதாரணக் கருவி ரவுட்டருக்கு அனுப்பும் துண்டில் மூன்று இடங்கள் உண்டு: அதை உடனே வாங்கிக்கொள்ளும் ரவுட்டர், அனுப்பும் கருவி, கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம். காற்றில் அனுப்புகிறவரும் தகவலைத் தொடங்கியவரும் ஒருவரே என்ற எண்ணத்தில் அமைந்தது இந்த மூன்று. கைப்பேசிக்கு அது முற்றிலும் சரி. பிரிட்ஜுக்குச் சரிவராது, ஏனென்றால் காற்றில் அனுப்புவது பிரிட்ஜ், தகவலைத் தொடங்கியதோ அதன் பின்னால் இருக்கும் விளையாட்டுக் கருவி. அந்த இரண்டாவது பெயரை எழுத முகப்பில் இடமில்லை. விளையாட்டுக் கருவியின் பெயரைப் போட்டே அனுப்பினாலும், தன்னிடம் கடவுச்சொல் சொல்லிச் சேராத பெயர் என்பதால் ரவுட்டர் அதை ஏற்றுக்கொள்ளாது.

ஆகவே பிரிட்ஜ் ஒரு மாற்று ஏற்பாடு செய்கிறது. பின்னாலிருந்து வரும் எல்லாத் துண்டுகளிலும் அனுப்பியவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு, எந்த ஐபி முகவரி (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் வழங்கும் எண்) எந்தக் கருவிக்குரியது என்று தனக்குள் ஒரு பதிவேடு வைத்துக்கொண்டு, பதில் வரும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்து உரிய கருவிக்குக் கொடுக்கிறது. ஒரு தெருவுக்கு வரும் கடிதங்களை எல்லாம் முனைக் கடைக்காரர் தம் பெயரில் வாங்கி வீடு வீடாகக் கொடுப்பது போன்றது இது. கடிதம் சேர்ந்துவிடும், ஆனால் தபால்காரரின் கணக்கில் அந்தத் தெருவில் இருப்பவர் ஒருவரே. உங்கள் நேரக் கட்டுப்பாடு மேக் முகவரியை நம்பியது; அதனால் கடைக்காரரையே நிறுத்தியது, தெருவே நின்றது.

தீர்வு உங்கள் ரவுட்டரைப் பொறுத்தது. ஐபி முகவரியைக் கொண்டு கட்டுப்படுத்தும் வசதி அதில் இருந்தால், விளையாட்டுக் கருவியின் அமைப்பில் நிலையான முகவரி ஒன்றைக் கையால் கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டை அந்த முகவரிக்குப் போடுங்கள். ரவுட்டரின் பக்கமிருந்து முகவரி ஒதுக்கலாமே என்று தோன்றலாம். சில பிரிட்ஜுகள் முகவரி கேட்கும் விண்ணப்பத்துக்குள்ளே இருக்கும் கருவியின் உண்மையான பெயரை அப்படியே விடுகின்றன, சில அதையும் மாற்றிவிடுகின்றன என்பதால் கையால் கொடுப்பதே உறுதியானது. ரவுட்டரும் பிரிட்ஜும் ஒரே நிறுவனத்துடையவை என்றால் இரண்டிலும் டபிள்யூடிஎஸ் என்ற வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். அது முகப்பில் நான்காவது இடம் ஒன்றைத் திறந்துவிடும். பின்னாலிருக்கும் ஒவ்வொரு கருவியும் தன் சொந்தப் பெயரோடு ரவுட்டரைச் சேரும். ஒரே வைஃபையைப் பல கருவிகள் சேர்ந்து வீடெங்கும் பரப்பும் மெஷ் தொகுதிகளின் துணைக் கருவிகளில் உள்ள லேன் போர்ட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராததற்கும் இந்த நான்கிடத் துண்டே காரணம். 2018இல் வைஃபை கூட்டமைப்பு அறிவித்த ஈஸிமெஷ் முறையும் கருவிகளுக்கிடையே இதையே பயன்படுத்துகிறது. இன்னொரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பெயர் மாற்றும் பிரிட்ஜுகளில் சில, பழைய ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டுமே பதிவேடு வைக்கும், பின்னால் இருக்கும் கருவிகளுக்குப் புதிய வகை முகவரியான ஐபிவி6 கிடைக்காமல் போனால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

கேள்வி: கேமரா டிவிஆர் பெட்டி மாடியில் ஓர் அலமாரிக்குள் இருக்கிறது. பிரிட்ஜ் வழியே இணைத்தால் பதிவு விட்டுவிட்டு ஆகுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆகாது. கேமராக்களிலிருந்து டிவிஆருக்கு வருவது தனிக் கம்பி. பதிவு டிவிஆருக்குள் இருக்கும் வட்டில் நடக்கிறது. பிரிட்ஜின் வேலை நீங்கள் கைப்பேசியில் பார்க்கும்போது படத்தை வெளியே அனுப்புவது மட்டுமே. வைஃபை அறுந்தாலும் பதிவு தொடரும், வெளியூரிலிருந்து பார்ப்பது மட்டும் தடைப்படும். டிவிஆர் அலமாரிக்குள் இருக்கலாம். பிரிட்ஜை அலமாரிக்கு வெளியே, திறந்த இடத்தில் வையுங்கள். இணையத்தில் திறந்துகிடக்கும் கருவியாகிவிடுவதால் டிவிஆரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் ஒருநாள்கூட இணைத்து வைக்க வேண்டாம்.

கேள்வி: இணைய நிறுவனம் கொடுத்த டிவி செட்டாப் பாக்ஸை பிரிட்ஜில் செருகினால் நேரலைச் சேனல்களில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அதே பிரிட்ஜில் செருகிய ஸ்மார்ட் டிவியில் யூடியூப் 4கே தரத்தில் தடையின்றி ஓடுகிறது. எப்படி?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் இணையம் வழியே வரும் படம்தான் என்றாலும் வந்து சேரும் விதம் வேறு. யூடியூப் உங்கள் டிவிக்கென்று தனியாக அனுப்பப்படுகிறது. ஒரு துண்டு காற்றில் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள வழியுண்டு, அதற்குள் ஓட்டுவதற்குச் சில வினாடிகளுக்கான படத்தை டிவி முன்கூட்டியே சேர்த்தும் வைத்திருக்கிறது. சில நிறுவனங்களின் செட்டாப் பாக்ஸ்களோ மல்டிகாஸ்ட் என்னும் முறையில், ஒரே ஓடையைப் பலருக்கும் பொதுவாக அனுப்பும் ஏற்பாட்டில் சேனல்களைப் பெறுகின்றன. கம்பியில் அது சிறப்பாக வேலை செய்கிறது. வைஃபையில் பொது அனுப்பலுக்குக் கிடைத்தது என்ற ஒப்புகை கிடையாது, ஆகவே தொலைந்த துண்டு தொலைந்ததுதான். எல்லோரும் வாங்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காக மிகக் குறைந்த வேகத்தில் வேறு அனுப்பப்படுகிறது. உங்கள் திரையில் உடையும் கட்டங்கள் அந்தத் தொலைந்த துண்டுகள்.

ரவுட்டரின் வைஃபை அமைப்பில் மல்டிகாஸ்ட்டைத் தனித்தனியாக மாற்றி அனுப்பும் தெரிவு, ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற தெரிவு ஆகிய இரண்டும் இருந்தால் இயக்கிப் பாருங்கள், அநேகமாகச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் செட்டாப் பாக்ஸுக்கு மட்டும் கேபிள் இழுத்துவிடுங்கள். பிரிட்ஜை மாற்றிப் பார்த்துப் பணத்தைச் செலவிடுவதில் பயனில்லை, வேறு பிரிட்ஜ் வாங்கினாலும் காற்றின் விதி அதுவேதான்.

கேள்வி: வீட்டிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி, தென்னந்தோப்பின் மறுமுனையில் பம்ப்செட் அறை இருக்கிறது. அங்கே இரண்டு கேமராக்களும் ஒரு பதிவுப் பெட்டியும் வைக்க வேண்டும். வீட்டு இணையத்தை அங்கே கொண்டுபோக வயர்லெஸ் பிரிட்ஜ் உதவுமா? அதற்கு அரசு அனுமதி வேண்டுமா?
– விவசாயி, பொள்ளாச்சி

பதில்: உதவும், ஆனால் முன்சொன்ன வீட்டுக்குள் வைக்கும் பிரிட்ஜ் அல்ல. வெளிப்புறத்துக்கென்றே செய்த, ஒரு திசையை நோக்கும் ஆன்டெனாவோடு வரும் இணைக் கருவிகள் உண்டு. ஒன்றை வீட்டுச் சுவரிலும் மற்றதைப் பம்ப்செட் அறையிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். ஒன்றை வைஃபை கொடுக்கும் அக்சஸ் பாயின்ட் ஆகவும் மற்றதை அதில் சேரும் ஸ்டேஷன் ஆகவும் அமைத்து, இரண்டிலும் டபிள்யூடிஎஸ் வசதியை இயக்கினால், வேளச்சேரி வாசகருக்கு வந்த பெயர்ச் சிக்கல் உங்களுக்கு வராது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வரையறுத்த திறனுக்குள் வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2018 அக்டோபரில் மத்திய அரசு விதி வெளியிட்டிருக்கிறது. கருவியின் அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் திறன் அந்த வரம்புக்குள் நிற்கும்.

உங்கள் வெற்றியும் தோல்வியும் தென்னை மரங்களிடம் இருக்கிறது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே பார்வைக் கோடு ஒன்று திறந்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி, இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவில் ஒரு வெளி காலியாக இருக்க வேண்டும். ஃப்ரெனல் மண்டலம் என்று அதைச் சொல்வார்கள். 300 மீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுப்பகுதியில் அதன் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது தடையின்றி இருந்தாக வேண்டும். தென்னை ஓலை, அதிலும் மழையில் நனைந்த ஓலை, 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். மழை தானாக இவ்வளவு குறுகிய தூரத்தில் ஒன்றும் செய்யாது, அதை ஏந்திக்கொண்டு நிற்கும் ஓலையே தடுக்கும்.

ஆனால் தென்னையில் ஒரு நன்மையும் உண்டு. 25 அடி இடைவெளி விட்டு வரிசையாக வைத்த, வளர்ந்த நெட்டை மரங்கள் என்றால், ஓலைகளுக்குக் கீழே வெறும் தண்டுகள் மட்டும் நிற்கும் உயரம் தாராளமாக இருக்கும். வீட்டையும் பம்ப்செட் அறையையும் இணைக்கும் கோடு இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையோடு ஒத்துப்போனால், 12 முதல் 15 அடி உயரத்தில் ஆன்டெனாக்களைப் பொருத்துங்கள். ஓலை மேலேயும் தரை கீழேயும் தண்டுகள் இரு பக்கமும் ஒதுங்கி, அந்த 2 மீட்டர் ஆரம் முழுவதும் கிடைத்துவிடும். கோடு வரிசைகளைக் குறுக்காக வெட்டினால் கம்பத்தை உயர்த்தி மரங்களுக்கு மேலே போக முயல வேண்டாம். நெட்டை மரங்களைத் தாண்டும் கம்பம் காற்றில் ஆடும், இடியையும் அழைக்கும். நடைபாதையின் முனையில் ஓர் இடத்துக்கு வீட்டிலிருந்து கேபிள் கொண்டுபோய், அங்கே ஆன்டெனாவை மாட்டுவதே மேல். குட்டை ரகத் தோப்பு என்றால் இந்த வழி பயன்படாது.

இவ்வகைக் கருவிகளுக்கு மின்சாரமும் லேன் கேபிள் வழியாகவே போகும். சில கருவிகள் 24 வோல்ட் எதிர்பார்க்கும், சில 48 வோல்ட் எதிர்பார்க்கும். கருவியோடு வந்த அடாப்டரைத் தவிர வேறெதையும் செருக வேண்டாம். வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிளையே வாங்குங்கள், உட்புறக் கேபிளின் உறை வெயிலில் வெடித்துவிடும். இரும்புக் கம்பத்தை முறையாகப் பூமியில் எர்த் செய்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பான் ஒன்றையும் போடுங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகு என் சொந்தக் கருத்தையும் சொல்ல வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கோ பம்ப்செட் கேபிளுக்கோ எப்படியும் வாய்க்கால் வெட்டப் போகிறீர்கள் என்றால், அதிலேயே ஒரு குழாய் போட்டு ஃபைபர் கேபிளைப் பதித்து, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துவிடுங்கள். ஃபைபரின் உள்ளே கண்ணாடி இழைதான். இரும்புக் கவசம் இல்லாத வகையாகப் பார்த்து வாங்கினால் மின்னல் அதன் வழியே வீட்டுக்குள் வராது, ஓலையும் மழையும் அதற்கு ஒரு பொருட்டல்ல. வெட்டுவதற்கு வழியில்லாத தோப்புக்கே பிரிட்ஜ்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் பிரிட்ஜில் உள்ள கணினிக்கு மட்டும் இணையம் வர நெடுநேரம் ஆகிறது. கைப்பேசியில் உடனே வந்துவிடுகிறது.
– வாசகர், விழுப்புரம்

பதில்: கணினியின் முகவரியைப் பாருங்கள், 169.254 என்று தொடங்கினால் நடந்தது இதுதான். மின்சாரம் வந்ததும் பிரிட்ஜின் லேன் போர்ட் உடனே உயிர்பெற்றுவிடுகிறது, கணினியும் முகவரி கேட்கிறது; ரவுட்டரோ முழுமையாகத் தொடங்க ஓரிரு நிமிடம் எடுத்துக்கொள்வதால் பதில் சொல்ல ஆளில்லை. அப்போது விண்டோஸ் தானாக ஒரு தற்காலிக முகவரியை வைத்துக்கொண்டு, ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி கேட்கும். கேபிளைக் கழற்றிச் செருகினால் உடனே கேட்கும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பிரிட்ஜ் மூன்றையும் இன்வெர்ட்டர் பிளக்கில் போடுங்கள், அல்லது 12 வோல்ட் கொடுக்கும் சிறிய ரவுட்டர் யுபிஎஸ் வாங்கி வையுங்கள். ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுப் பிரிட்ஜை விட்டுவிட்டவர்கள் பலர். இரண்டில் ஒன்று அணைந்தாலும் பாலம் இல்லை.

கேள்வி: புது ரவுட்டர் மாற்றிய பிறகு, அதே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் வைத்தும் பழைய பிரிட்ஜ் சேர மறுக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: புது ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கும். அந்த முறை 2018இல் வந்தது. அதற்கு முன் செய்த பிரிட்ஜுகளுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகும் சேரவில்லையென்றால், 2.4, 5 இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதைத் தற்காலிகமாகப் பிரித்து, பிரிட்ஜை ஒரு பட்டையின் பெயரில் மட்டும் சேர்த்துப் பாருங்கள். டபிள்யூபிஏ2ஐவிடப் பழைய முறைக்கு இறங்கினால்தான் சேரும் என்று அந்தப் பிரிட்ஜ் அடம்பிடித்தால், வீடு முழுவதின் பாதுகாப்பையும் அதற்காகக் குறைக்க வேண்டாம், பிரிட்ஜை மாற்றிவிடுங்கள்.